நடுநிலைப் பள்ளியின் மதிப்பெண்ணை மாணவர் பின்னணியோடு சேர்த்துப் படிக்கும் முறை

ஓர் அரசு நடுநிலைப் பள்ளி எப்படி இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் தேர்ச்சி விழுக்காடுதான் விடையாக வருகிறது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எவரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை என்பதால், அந்த விழுக்காடு எல்லாப் பள்ளிகளிலும் ஏறத்தாழ நூறாகவே இருக்கும். அதிலிருந்து அறிந்துகொள்ள ஒன்றுமில்லை. 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு நடத்தப்படும் என்று 2019-இல் வந்த அறிவிப்பும் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே பத்தாம் வகுப்புக்கு இருப்பதைப் போன்ற பொதுவான அளவுகோல் நடுநிலைப் பள்ளிக்குக் கிடையாது. பள்ளியில் யார் படிக்கிறார்கள், எந்த வகுப்பில் வந்து சேர்ந்தார்கள், எத்தனை நாள் வருகிறார்கள், எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்பவற்றைப் பள்ளியின் பதிவேடுகளிலிருந்தே எடுத்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதைச் செய்வது எப்படி என்பதை, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரையும், புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியரையும், குழுவுக்கு உதவ முன்வரும் ஊர்ப் பட்டதாரிகளையும் மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

இந்த வேலைக்குச் சட்டத்தின் துணை உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்களுடைய விகிதத்துக்கு ஏற்ப இடம் தரப்பட வேண்டும் என்கிறது. 22-ஆம் பிரிவு அக்குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. எந்தக் குழந்தைகள் எதில் பின்தங்கியிருக்கிறார்கள் என்று தெரியாமல் எழுதப்படும் வளர்ச்சித் திட்டம் சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்த் தொட்டி என்ற அளவிலேயே நின்றுவிடும். அவையும் தேவைதான், ஆனால் கற்றல் அந்தத் தாளில் இடம்பெறுவதே இல்லை.

முதலில் மூன்று பதிவேடுகளை எடுத்துக்கொள்ள வேண்டும்: சேர்க்கை நீக்கல் பதிவேடு, வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு. இவற்றில் உள்ள விவரங்களில் பெரும்பகுதி பள்ளிக்கல்வித் துறை மாணவர் விவரங்களைத் தொகுக்கும் எமிஸ் தளத்திலும் ஏற்றப்பட்டிருக்கும். தலைமையாசிரியர் தம் பயனர் கணக்கிலிருந்து அவற்றை எடுத்துத் தரலாம். நாட்டின் எல்லாப் பள்ளிகளின் புள்ளிவிவரத்தையும் திரட்டும் ஒன்றிய அரசின் யுடைஸ் பிளஸ் தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்கக் குறியீட்டு எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் எண் 33 என்று தொடங்கும். அந்த எண்ணைக் கொண்டு பள்ளியின் அறிக்கை அட்டையை எவரும் பார்க்கலாம். வகுப்புவாரிச் சேர்க்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கட்டட வசதி ஆகியவை அதில் கிடைக்கும். ஆனால் அது முந்தைய கல்வியாண்டின் நிலையாக இருக்கக்கூடும். எந்த ஆண்டுக்குரியது என்பதைப் பார்க்காமல் இன்றைய மதிப்பெண்ணோடு அதைப் பொருத்தினால் எல்லாமே தவறாகிவிடும்.

அடுத்தது அட்டவணை. 6, 7, 8 வகுப்புகளில் படிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். பெயருக்குப் பதிலாக ஒரு வரிசை எண்ணை இட்டு, எந்த எண் எந்தக் குழந்தைக்குரியது என்ற பட்டியலைத் தலைமையாசிரியர் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வரியிலும் பாலினம், தமிழ்வழியா ஆங்கிலவழியா என்பது, இப்பள்ளியில் சேர்ந்த வகுப்பும் மாதமும், முன்பு படித்த பள்ளி, வீட்டில் பேசும் மொழி, தாய் தந்தையின் படிப்பு, பெற்றோர் வெளியூர் வேலைக்குச் செல்பவர்களா என்பது, மாற்றுத்திறன் இருப்பின் அதன் வகை, சமூகப் பிரிவு ஆகியவை இடம்பெற வேண்டும். அவற்றை அடுத்து வருகை நாட்களும் பாடவாரி மதிப்பெண்களும் வரும். பெரும்பாலான நடுநிலைப் பள்ளிகளுக்கு இது ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலை. கணினி இல்லாவிட்டால் நீளத் தாளில் கோடு போட்டும் செய்யலாம்.

சமூகப் பிரிவை எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாநில அரசின் வகைப்பாட்டில் பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர், ஏனையோர் என்று தனித்தனியே பிரிவுகள் இருக்கின்றன. யுடைஸ் கணக்கிலோ பொது, இதர பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் என்று நான்கே பிரிவுகள்தாம். ஆகவே ஒரே வகுப்பறை மாநிலக் கணக்கில் ஆறு பிரிவாகத் தெரியும். ஒன்றியக் கணக்கில் இரண்டாகச் சுருங்கிவிடும். அருந்ததியர் குடியிருப்பிலிருந்து வரும் குழந்தைகளின் நிலை, பட்டியல் சாதியினர் என்ற பொதுத்தலைப்பின் சராசரிக்குள் மறைந்துபோவதற்கு இந்தச் சுருக்கமே காரணமாக அமைகிறது. ஆண்டுகளை ஒப்பிடும்போது இன்னொரு சிக்கல் வரும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினர் 2023-இல்தான் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அதற்குப் பின் ஒரு பள்ளியில் பழங்குடி மாணவர் எண்ணிக்கை கூடியிருந்தால், புதிய குழந்தைகள் வந்திருக்கிறார்கள் என்றும் பொருள்படலாம், ஏற்கெனவே இருந்தவர்களின் பிரிவு மாறியிருக்கிறது என்றும் பொருள்படலாம். சாதிச் சான்று இல்லாத குடும்பங்களின் குழந்தைகள் வேறு பிரிவில் பதிவாகியிருக்கவும் வாய்ப்புண்டு. இருளர் குடியிருப்புகள் அருகில் உள்ள பள்ளிகளில் இதைத் தனியே சரிபார்ப்பது நல்லது.

இந்த விவரங்களைக் கையாளும் விதம் மிக முக்கியமானது. மாணவரிடையே சாதி மோதலைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அளித்த அறிக்கை, மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதி தொடர்பான விவரம் எதுவும் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. நாம் தயாரிக்கும் அட்டவணைக்கும் அதே கட்டுப்பாடு பொருந்தும். வகுப்பறையில் குழந்தைகளை எழுப்பி நிற்கவைத்து இந்த விவரங்களைக் கேட்கக் கூடாது. ஏற்கெனவே பதிவாகியிருப்பதைத்தான் எடுக்க வேண்டும். மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தொகுத்த எண்ணிக்கை மட்டும் செல்ல வேண்டும். ஊர்ப் பள்ளியில் 'ஏழாம் வகுப்பு, பழங்குடி, பெண், ஒருவர்' என்று எழுதினாலே அது யார் என்று அனைவருக்கும் தெரிந்துவிடும்; அத்தகைய இடங்களில் 6 முதல் 8 வரை மூன்று வகுப்புகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். அப்படிச் சேர்த்தும் ஓரிருவரே இருந்தால், அந்த வரியைக் கூட்டத்தில் காட்டாமல் தலைமையாசிரியரிடமே விட்டுவிட வேண்டும்.

இனி மதிப்பெண். 2012-13 கல்வியாண்டில் வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையில், பாடத்துக்கு 100-இல் 40 பருவத்தின் இடையே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கும், 60 பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டன. வளரறியில் 20 செயல்பாடுகளுக்கும் 20 சிறு தேர்வுகளுக்கும் உரியவை. நடைமுறை வகுப்புக்கு வகுப்பு மாறியிருக்கக்கூடும் என்பதால், கையில் உள்ள மதிப்பெண் எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்று ஆசிரியரிடம் கேட்டு, அட்டவணையின் தலைப்பிலேயே குறித்துவைக்க வேண்டும். பிறகு இரண்டு பகுதிகளையும் தனித்தனி வரிசையில் எழுத வேண்டும். ஏன் என்று செய்துபார்த்தால் தெரியும். வளரறிப் பகுதியில் வகுப்பு முழுவதும் 35-க்கு மேல் என்று நிரம்பியிருக்கும் பதிவேடுகள் பல உண்டு. படங்களை ஒட்டிய தொகுப்பு, மாதிரி, செயல்திட்டம் ஆகியவற்றுக்கு ஆசிரியர் மனமிரங்கி இடும் அந்த மதிப்பெண்ணைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது குழந்தைக்குக் குழந்தை வேறுபடாததால் நமக்கு எதையும் சொல்லாது. இரண்டையும் கூட்டிய மொத்தத்தில், 60-க்குப் பன்னிரண்டு வாங்கிய குழந்தையும் 47 என்று நடுத்தர நிலையில் வந்து நின்றுவிடும். ஆகவே ஒப்பீட்டுக்குத் தொகுத்தறி மதிப்பெண்ணை மட்டும் பயன்படுத்துவதே சரி. ஏ1, ஏ2, பி1 என்ற தரநிலைகளும் மொத்தத்திலிருந்து பெறப்படுபவை என்பதால் அவற்றை விட்டுவிடலாம்.

தொகுத்தறி மதிப்பெண்ணும் முழுமையாகப் போதாது. சமூக அறிவியலில் குறைந்த மதிப்பெண் பெற்ற குழந்தைக்கு வரலாறு வரவில்லையா, வினாவைப் படிக்கவே வரவில்லையா என்பதை மதிப்பெண் சொல்வதில்லை. இதற்கு எளிய வழி உண்டு. கிராமப்புற வீடுகளில் எடுக்கப்படும் அசர் ஆய்வில், எழுத்து, சொல், சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையிலுள்ள ஒரு கதை என்ற வரிசையில் குழந்தையைப் படிக்கச் சொல்லியும், எண்ணை அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல் என்ற வரிசையில் கணக்குப் போடச் சொல்லியும் பார்க்கிறார்கள். அதே மாதிரியில் ஒரு தாளைத் தயாரித்து, ஜூன் மாதத்தில் ஒவ்வொரு குழந்தையையும் தனியே அழைத்துப் பார்த்தால் தலைக்குச் சில நிமிடங்களே ஆகும். ஆறாம் வகுப்பில் கதையைத் தடையின்றிப் படிப்போர் இத்தனை பேர், வகுத்தல் தெரிந்தோர் இத்தனை பேர் என்ற இரண்டு எண்களை நான் எந்தச் சராசரியைவிடவும் மேலாக மதிப்பேன். 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கு 2025-26-இல் தொடங்கப்பட்ட 'திறன்' திட்டமும் தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றின் அடிப்படைத் திறனில் பின்தங்கியோரைக் கண்டறிவதையே முதற்படியாகக் கொண்டது; அந்தத் தொடக்க மதிப்பீட்டின் முடிவு பள்ளியில் இருந்தால் மறுபடியும் சோதிக்க வேண்டியதில்லை.

மதிப்பெண்ணைப் பின்னணியோடு பொருத்துவதற்கு முன், வருகையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். சாதி, பாலினம், பெற்றோர் படிப்பு என்று தொடங்கினால் பேச்சு எளிதில் 'அந்தப் பிள்ளைகள் அப்படித்தான்' என்ற இடத்துக்குச் சென்றுவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலைநாட்கள் வேண்டும். பத்து நாளுக்கு ஒரு நாள் வராத குழந்தை ஆண்டில் 22 நாட்களை, ஏறத்தாழ ஒரு மாதப் பாடத்தை இழந்துவிடுகிறது. ஒவ்வொரு குழந்தையின் வருகை நாட்களையும் கூட்டி, பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராதவர்களை முதலில் தனியே பிரிக்க வேண்டும். பின்னர் எந்தெந்த மாதங்களில் வரவில்லை என்று பார்க்க வேண்டும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு செல்லும் வீடுகளின் குழந்தைகள் தைப் பொங்கலுக்குப் பின் தொடர்ச்சியாக வராமலிருப்பார்கள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வராத குழந்தைக்குக் காரணம் சந்தை நாளாகவோ, வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதாகவோ இருக்கலாம். ஏழு, எட்டாம் வகுப்புப் பெண் குழந்தைகள் மாதத்தில் சில நாட்கள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் கழிப்பறையையும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு என வகுக்கப்பட்டது. அக்காள் ஆறாம் வகுப்பிலும் தம்பி நான்காம் வகுப்பிலும் படிக்கும் வீட்டில் இருவரின் வருகையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

அடுத்து, எங்கிருந்து வந்தார்கள் என்பது. நடுநிலைப் பள்ளியில் முதல் வகுப்பிலிருந்தே படிப்போரும், சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பை முடித்து ஆறில் சேர்வோரும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். தனியார் பள்ளியிலிருந்து ஆறாம் வகுப்புக்கு மாறி வருவோரும் உண்டு. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலும், கல்லூரி மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கு ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும் என்ற விதி பெற்றோரின் கணக்கில் இடம்பெறுகிறது. இப்படி வருவோரின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறும்போது வகுப்புச் சராசரியும் மாறும். பள்ளியில் கற்பித்தல் முன்னேறியதா தளர்ந்ததா என்பதற்கும் அதற்கும் தொடர்பு இராமலிருக்கலாம்.

இதைக் கற்பனையான ஒரு கணக்கால் விளக்கலாம். ஏழாம் வகுப்பில் சென்ற ஆண்டு 24 பேர். அவர்களில் தொடக்கத்திலிருந்தே இங்கு படித்த 20 பேரின் கணிதச் சராசரி 62. இடையில் வந்த 4 பேரின் சராசரி 38. வகுப்புச் சராசரி 58. இந்த ஆண்டும் 24 பேர்தான். ஆனால் அருகில் பின்னலாடைத் தொழிற்கூடம் வந்ததால், வடமாநிலத் தொழிலாளர் குழந்தைகளும் சேர்ந்து, இடையில் வந்தவர்கள் 10 பேராகிவிட்டனர். பழைய மாணவர் 14 பேரின் சராசரி 65. புதியவர் 10 பேரின் சராசரி 43. இரு பிரிவினரும் சென்ற ஆண்டினரைவிட உயர்ந்திருக்கிறார்கள். இருந்தும் வகுப்புச் சராசரி 55.8 என்று இறங்கிவிட்டது. சராசரியை மட்டும் பார்க்கும் அலுவலர் ஆசிரியரிடம் விளக்கம் கேட்பார்; அந்த ஆசிரியரோ பாராட்டுக்குரியவர். நேர்மாறாகவும் நடக்கும். பின்தங்கிய குழந்தைகள் பள்ளியை விட்டு நின்றுவிட்டால் சராசரி தானாகவே உயரும். அதனால்தான் சேர்க்கை நீக்கல் பதிவேட்டை முதலிலேயே எடுக்கச் சொன்னேன். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எட்டாம் வகுப்பு முடிவில் எத்தனை பேர் இருக்கிறார்கள், மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சென்றவர்கள் வேறு பள்ளியில் சேர்ந்தார்களா என்பது தெரியாமல் எட்டாம் வகுப்பின் மதிப்பெண்ணைப் படிக்கக் கூடாது.

இந்தக் காரணத்தாலேயே, இந்த ஆண்டு ஏழாம் வகுப்பைச் சென்ற ஆண்டு ஏழாம் வகுப்போடு ஒப்பிடுவதைவிட, இப்போது ஏழில் இருக்கும் அதே குழந்தைகள் ஆறில் எப்படி இருந்தார்கள் என்று பார்ப்பது மேலானது. வினாத்தாள் மாறுவதால் மதிப்பெண்ணை நேரடியாக ஒப்பிட இயலாது என்ற மறுப்பு நியாயமானதே. அதற்கு மாற்றாக, படித்தல், வகுத்தல் நிலைகளை ஒப்பிடலாம். அல்லது வகுப்பில் கீழ் மூன்றில் ஒரு பங்கில் இருந்தவர்களில் எத்தனை பேர் அதைத் தாண்டி வந்தார்கள் என்று எண்ணலாம்.

பின்னணிவாரி ஒப்பீட்டை இந்த நிலைக்கு வந்த பிறகே செய்ய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான எந்தப் பிரிவுக்கும் விழுக்காடு போடக் கூடாது. மூன்று பழங்குடிக் குழந்தைகளில் ஒருவர் தேர்வன்று காய்ச்சலில் படுத்துவிட்டால் '33 விழுக்காடு பின்னடைவு' என்று அறிக்கையில் ஏறிவிடும். அங்கே தலை எண்ணிக்கையும், அந்தக் குழந்தையைப் பற்றித் தலைமையாசிரியர் வகுப்பாசிரியரோடு நடத்தும் பேச்சுமே போதும். பத்துக்கு மேற்பட்ட பிரிவுகளில் இடைவெளி தெரிந்தால், அதை உடனே அந்தச் சமூகத்தின் தலையில் ஏற்றாமல், வருகை, சேர்ந்த ஆண்டு, வீட்டு மொழி, பெற்றோர் படிப்பு ஆகியவை ஒத்திருக்கும் குழந்தைகளுக்கிடையே அதே இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீராக வரும் குழந்தைகளிடையே இடைவெளி பெரும்பாலும் சுருங்கிவிட்டால், திட்டம் வருகையைப் பற்றியதாக இருக்க வேண்டும். சுருங்கவில்லை என்றால் கேள்வி வகுப்பறைக்குள் திரும்புகிறது: யார் எங்கே அமர்த்தப்படுகிறார்கள், யாரிடம் கேள்வி கேட்கப்படுகிறது, யாருடைய குறிப்பேடு திருத்தப்படுகிறது, யார் தண்ணீர் தூக்கவும் வகுப்பறை கூட்டவும் அனுப்பப்படுகிறார்கள். இந்தக் கேள்விகள் கசப்பானவைதாம். எனினும் இடைவெளியின் காரணம் அங்கே இருக்கும்போது சிறப்பு வகுப்பு வைத்துப் பயனில்லை.

ஆசிரியர் நிலையையும் அதே தாளில் எழுத வேண்டும். சட்டத்தின்படி 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 35 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்பதோடு, அறிவியல் மற்றும் கணிதம், சமூக அறிவியல், மொழிகள் ஆகியவற்றுக்குத் தலா ஒருவராவது இருக்க வேண்டும். பட்டதாரி ஆசிரியர் பணியிடம் ஒன்று ஆறு மாதம் காலியாக இருந்த பள்ளியில் எல்லாப் பிரிவுக் குழந்தைகளும் அந்தப் பாடத்தில் ஒருசேர இறங்கியிருப்பார்கள். அங்கே மாணவர் பின்னணியை ஆராய்வது வேண்டாத வேலை; வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தீர்மானம் அனுப்புவதே வேலை.

பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஒப்பிட வேண்டும் என்ற ஆசை எல்லாக் குழுவிலும் எழும். இரு பள்ளிகளின் வினாத்தாள் ஒன்றாக இருந்தாலும் திருத்துபவர் அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர்தான் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேசிய அடைவு ஆய்வு 2021 நவம்பரில் 3, 5, 8, 10 வகுப்புகளுக்கும், அதன் வழிவந்த பராக் ஆய்வு 2024 டிசம்பரில் 3, 6, 9 வகுப்புகளுக்கும் நடந்தன. இவை மாதிரி எடுத்துச் செய்யப்பட்டவை. அவற்றிலிருந்து மாவட்டத்தின் நிலையை அறியலாம், ஒரு தனிப் பள்ளியின் நிலையை அறிய முடியாது. வெளியிலிருந்து வரும் அளவுகோல் ஒன்று வேண்டுமானால், எட்டாம் வகுப்பு மாணவர் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வைப் பார்க்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாத அரசு, உதவிபெறும் பள்ளி மாணவருக்கானது அது. தேர்வானோருக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அதிலும் தேர்வானோர் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், தகுதியுடையோரில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வருமானச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்காக அலைய முடியாமல் விட்டுவிட்ட வீடுகள் எவை என்பது அங்கேதான் தெரியவரும்.

இவ்வளவையும் செய்தபின் மேலாண்மைக் குழுவின் முன் வைக்க வேண்டியது ஒரே பக்கம். வகுப்புவாரி எண்ணிக்கையும் சேர்ந்த விதமும், பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராதோர், கதையைப் படிப்போரும் வகுத்தல் தெரிந்தோரும், ஆறில் சேர்ந்து எட்டு வரை நீடித்தோர், காலிப் பணியிடம் ஆகியவை போதும். பக்கத்தின் கீழே மூன்று வேலைகளை மட்டும், யார் பொறுப்பு, எந்த மாதத்துக்குள் என்ற குறிப்போடு எழுதி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். சூளைக்குச் செல்லும் குடும்பங்களிடம் மார்கழியிலேயே பேசி, குழந்தையை உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கவைக்க ஏற்பாடு செய்வது அத்தகைய ஒரு வேலை. மாதத்துக்கு மாதம் வராதோர் பட்டியலைப் பார்ப்பது இன்னொன்று. குழுவின் கையை மீறியவற்றைக் கிராம சபைக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் தனித்தனியே அனுப்ப வேண்டும். படித்தல், வகுத்தல் சோதனையை ஜனவரியில் ஒருமுறை திரும்ப நடத்தி, அதே வரிசை எண்களுக்கு எதிரே புதிய நிலையை எழுதினால், அடுத்த ஜூனில் வரும் புதிய ஆசிரியரும் புதிய குழுவும் அந்தத் தாளிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.